எது எடுத்தாலும் பத்து ரூபாய்: எம்.கே.பி. நகரிலிருந்து துறைமுகச் சுவர் வரை

எம்.கே.பி. நகர் என்று பேருந்துகளின் நெற்றிப் பலகையில் சுருங்கிவிட்ட மகாகவி பாரதி நகர், வடசென்னையில் வியாசர்பாடிக்கும் எருக்கஞ்சேரிக்கும் கொடுங்கையூருக்கும் நடுவே, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பாகத் தோன்றி, பின்னர் மாடிமேல் மாடியாக நெருங்கி வளர்ந்த பகுதி. பெரம்பூரின் ரயில் பட்டறைகளிலும், 1996இல் மூடப்படும்வரை பின்னி ஆலையிலும், துறைமுகத்திலும், மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் உழைத்த குடும்பங்களும் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதன் சுற்றுவட்டாரத்தில் வாழ்கின்றனர். இந்நகரின் மாலைநேரக் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டு, பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி, பர்மா பஜார் வழியாகத் துறைமுகச் சுவரை அடையும் பாதை, ஒரு பகற்பொழுதுக்குள் முடிந்துவிடும் சிறிய பயணமே. ஆயினும் உலகின் மிக மலிவான பண்டங்கள் கடலிலிருந்து ஒரு வீட்டின் அடுப்படி வரை வந்துசேரும் வழியை, வந்த திசைக்கு எதிர்த்திசையில் நடந்து பார்ப்பதற்கு இதைவிட வாய்ப்பான பாதை சென்னையில் வேறில்லை.

பாதையின் தொடக்கத்தில் நிற்பது ஒரு தள்ளுவண்டி. "எது எடுத்தாலும் பத்து ரூபாய்" என்னும் அறிவிப்பு இன்று எழுத்தாக இருப்பதைக் காட்டிலும் ஒலியாகவே மிகுதியும் வாழ்கிறது. வண்டியின் கம்பத்தில் கட்டிய சிறிய ஒலிபெருக்கி, பதிவுசெய்த அந்த ஒரு வாக்கியத்தைக் கடை கட்டும்வரை சொல்லிக்கொண்டே இருக்க, விற்பவர் வாய் திறவாமல் பணம் வாங்குவதிலும் சரக்கின்மேல் கண் வைப்பதிலும் மட்டும் ஈடுபட்டிருக்கிறார். வண்டியின் பலகைமேல் டீ வடிகட்டி, காய் சீவும் பீலர், சோப்பு டப்பா, சீப்பு, நகவெட்டி, ஊக்கு அட்டை, ஜடைக்கு மாட்டும் கிளிப், ஸ்டிக்கர் பொட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், கோலமாவுச் சல்லடை ஆகியவை குவிந்து கிடக்கின்றன. இதே வணிகம் கூரைக்குள் நடக்கும்போது, பத்து, இருபது, முப்பது, நாற்பத்தொன்பது, தொண்ணூற்றொன்பது என்று விலைவாரியாகத் தட்டுகள் பிரிக்கப்பட்டு, அது ஒரு ஃபேன்சி ஸ்டோராகவோ வீட்டுப்பொருள் கடையாகவோ பெயர்ப்பலகை பெறுகிறது. எல்லாப் பண்டத்துக்கும் ஒரே விலையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும் பண்டங்களை மட்டும் தேடிக் கொள்முதல் செய்யும் இம்முறையை ஒற்றை விலை வணிகம் எனலாம். மளிகைக் கடையில் பண்டம் முதலில் வந்து விலை பின்னால் அமைகிறது. இங்கே விலை முதலில் நிற்க, பண்டம் அதற்கேற்பத் தன்னைக் குறுக்கிக்கொள்கிறது.

இம்முறை சென்னையில் பிறந்ததன்று. அமெரிக்காவில் பிராங்க் உல்வொர்த் 1879 பிப்ரவரியில் யூட்டிகா நகரில் எல்லாம் ஐந்து சென்ட் என்று திறந்த கடை சில மாதங்களில் நின்றுபோக, அதே ஆண்டு ஜூனில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் அவர் திறந்த இரண்டாவது கடை நிலைத்து, பின்னர் பத்து சென்ட் பண்டங்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பெரும் கடைத்தொடரின் வித்தாயிற்று. 1955இல் கென்டக்கி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு டாலருக்கு மேல் எதுவும் இல்லை என்ற உறுதியோடு டாலர் ஜெனரல் என்னும் கடை தோன்றியது. இன்று அமெரிக்காவில் டாலர் கடை என்னும் பொதுப்பெயரே இவ்வகைக் கடைகளைக் குறிக்கிறது. ஜப்பானில் லாரியில் வீட்டுச் சாமான் ஏற்றி ஊர் ஊராக விற்ற ஹிரோடாகே யானோ, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை ஒட்ட நேரமின்றி எல்லாவற்றையும் நூறு யென் என்று சொல்லத் தொடங்கினார் என்பது, 1977இல் அவர் நிறுவிய டைசோவின் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. லாரியில் நின்ற யானோவுக்கும் எம்.கே.பி. நகரின் வண்டிக்காரருக்கும் இருந்த தேவை ஒன்றே: ஒற்றை ஆளாக நிற்பவருக்குப் பேரம் பேசப் பொழுதில்லை. அறிவித்த விலை என்றும் அப்படியே நிற்பதுமில்லை. உல்வொர்த் நிறுவனம் தன் வரம்பை 1930களில் கைவிட்டது; எல்லாம் ஒரு டாலர் என்றே பெயர் பெற்ற டாலர் ட்ரீ, 2021இல் ஒன்றேகால் டாலருக்கு ஏறியது.

உல்வொர்த் செய்த இன்னொரு மாற்றம் விலையைவிட ஆழமானது. அதுவரை அமெரிக்கக் கடைகளில் சரக்கு விற்பனையாளரின் முதுகுக்குப் பின்னே அலமாரியில் இருக்க, வாங்குபவர் பெயர் சொல்லிக் கேட்டால்தான் அது கைக்கு வரும். சரக்கைத் திறந்த மேசையில் பரப்பி, வாங்குபவரே தொட்டு, எடுத்து, திருப்பிப் பார்க்கும்படி அவர் விட்டார். பத்து ரூபாய் வண்டியைச் சுற்றி நிற்கும் பெண்களின் கைகளைக் கவனித்தால் இதன் பொருள் விளங்கும். விலையில் அசைவில்லாத இடத்தில் பேரம் ஒழிந்துவிடுவதில்லை; அது நாவிலிருந்து கைக்கு இடம்பெயர்கிறது. 1900இல் திறக்கப்பட்டு 1985 மே 30 அன்று தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமோ பழைய கடிகாரமோ வாங்கியவரின் திறமை, சொன்ன விலையைப் பாதிக்கும் கீழே இறக்கும் பேச்சில் இருந்தது. வாங்காமல் நடந்துபோவதுபோல் நாலடி எடுத்துவைத்து, கடைக்காரர் திரும்ப அழைக்கும்வரை பொறுத்திருப்பதும் அந்தத் திறமையின் கூறே. பத்து ரூபாய் வண்டியில் அந்தத் திறமைக்கு வேலையில்லை. ஒரே விலை கொண்ட ஐம்பது வடிகட்டிகளில் பன்னிரண்டு ரூபாய் பெறுமானமுள்ளதையும் ஆறு ரூபாய் பெறுமானமுள்ளதையும் பிரித்தறிவதே இங்கு வேண்டப்படும் திறமை.

இத்திறமை எளிதில் வருவதன்று. எழுதி வைக்கப்படாத ஓர் அறிவுத்துறை என்றே அதைச் சொல்ல வேண்டும். வடிகட்டியில் வலையின் நடுப்பகுதியை யாரும் பார்ப்பதில்லை. வலை வளையத்தோடு சேரும் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பர், ஏனெனில் வடிகட்டி அறுவது அங்கேதான். டப்பாவை வாங்குமுன் மூடியை நான்கு மூலையிலும் அழுத்தி, ஒரு மூலை எழும்பினால் கீழே வைத்துவிடுவர். பிளாஸ்டிக்கை முகர்ந்து பார்ப்பதும் உண்டு. பயன்படுத்திக் கழித்த பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கி மறுபடி வார்த்தெடுத்த பண்டத்தில் ஒரு காறல் வாடை தங்கிவிடுவதாலும், பல நிறக் கழிவு கலந்திருப்பதை மறைக்கக் கறுப்பு, கரும்பச்சை, செம்மண் போன்ற அடர்ந்த நிறங்களே கைகொடுக்கும் என்பதாலும், குப்பைக்கூடைக்குக் கறுப்பு ஏற்கப்படும், உப்பு டப்பாவுக்கு ஏற்கப்படாது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன் என்றும், சூடான பண்டத்தை ஓரளவு தாங்கும் வகை என்றும் இளையோர் சொல்லக் கேட்டு முதியோரும் கவிழ்த்துப் பார்க்கின்றனர். சீப்பின் பற்களைப் புறங்கையில் ஓடவிட்டுப் பிசிறு இருக்கிறதா என்று அறிவதும், கிளிப்பை ஐந்தாறு முறை திறந்து மூடி அதன் கம்பிச்சுருள் சோர்வடைகிறதா என்று காண்பதும் இவ்வகையே. எவர்சில்வர் கரண்டிக்குக் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கமும் நிலவுகிறது. ஆனால் அது நம்பத்தக்க அளவுகோலன்று. விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டி உருவாக்கும் மலிவான எஃகிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. எடையும் விளிம்பின் வழவழப்புமே அங்கு கூடுதலாக உண்மை பேசுகின்றன.

நூறு ரூபாய்க்கு ஐந்தாண்டு உழைக்கும் வடிகட்டி கிடைக்கும்போது, ஆறு மாதத்தில் அறுந்துபோகும் பத்து ரூபாய் வடிகட்டியை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பது எளிது. நாட்கூலியாலோ வாரக்கூலியாலோ நடக்கும் குடும்பத்தின் கணக்கில், ஐந்தாண்டு கழித்து மிச்சமாகும் தொகை இன்றைய மாலையில் எங்கும் இல்லை. வாடகைக்கும் சீட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்கியபின் கையில் நிற்கும் ரொக்கம் பத்தோ இருபதோ ஆகும்போது, பத்து ரூபாய்க்குள் முடியும் பண்டம் வேறெந்தச் செலவையும் அசைக்காமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இதை அறியாமை என்று சொல்வது அறமாகாது. கையிலுள்ள தொகைக்குள் அதிகபட்சப் பயனைத் தேடும் கணக்கு அது. அக்கணக்கை நாள்தோறும் போடுபவர் பெரும்பாலும் அவ்வீட்டின் பெண். ரூபாய் ஒன்றின் மதிப்பை அவர் அளவுக்கு அறிந்தவர் அவ்வீட்டில் வேறொருவர் இல்லை.

விற்பவரின் கணக்கு வேறு வகையானது. அவருடைய வண்டியில் நாலு ரூபாய்க்குக் கொள்முதலான பண்டமும் எட்டரை ரூபாய்க்குக் கொள்முதலான பண்டமும் ஒரே பத்து ரூபாய்க்குப் போகின்றன. எட்டரை ரூபாய்ப் பண்டம் ஆளை வண்டியருகே நிறுத்துகிறது. நாலு ரூபாய்ப் பண்டம் அன்றைய கூலியைத் தருகிறது. கைதேர்ந்த வாடிக்கையாளர்கள் எட்டரை ரூபாய்ப் பண்டங்களை மட்டுமே பொறுக்கிச் சென்றால் வண்டிக்காரருக்குக் கூலி தேறாது என்பதால், இரண்டையும் கலந்து குவித்து, தேடுவதற்கு நேரம் பிடிக்கும்படி வைப்பது தொழிலின் நுட்பமாகிறது. நாளின் முதல் விற்பனையைப் போணி என்பர். அந்த நேரத்தில் மட்டும், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்னும் நம்பிக்கையால், அளவுக்கு மேல் இலவசமாகச் சேர்த்துத் தரும் கொசுறாக ஓர் ஊக்கோ ரப்பர் பேண்டோ ஒற்றை விலை வண்டியிலும் கைமாறுவதுண்டு. மூலப்பொருள் விலை ஏறும்போது பத்து ரூபாய் ஏறுவதில்லை. வலையின் கம்பி மெலிகிறது, டப்பாவின் சுவர் மெலிகிறது, அட்டையில் குத்திய ஊக்குகளின் எண்ணிக்கை குறைகிறது. பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவி, அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் தர வேண்டியிருந்த காலமும் உண்டு. இப்போது வண்டியின் கம்பத்தில் ஒலிபெருக்கிக்குக் கீழே கியூஆர் அட்டை தொங்குகிறது.

எம்.கே.பி. நகரிலிருந்து கிழக்கு நோக்கி, பக்கிங்காம் கால்வாயைக் கடந்து சென்றால் பழைய வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளரால் பெயர்பெற்ற இப்பகுதியின் எம்.சி. ரோடு, இன்றும் துணிக்கே உரிய தெரு. பண்டிகைக்கு முந்திய வாரங்களில் வடசென்னையின் குடும்பங்கள் பிள்ளைகளோடு நெருங்கி நடக்கும் தெரு. இங்கு மலிவுக்குக் காரணங்கள் வேறு. ஏற்றுமதிக்குத் தைத்து, வாங்குபவர் அளவுக்கு மேல் மிஞ்சியதால் உள்நாட்டுக்குத் திரும்பிய உடை எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்; தையலிலோ சாயத்திலோ சிறு குறை கண்டு கழிக்கப்பட்டது செகண்ட்ஸ்; ஆலைச் சுருளின் கடைசியில் எஞ்சி, முழு அளவுக்குப் போதாத துண்டு கட்பீஸ்; இவற்றைத் தரம் பிரிக்காமல் மொத்தமாக விலைபேசி எடுப்பது லாட். திருப்பூரில் ஒரு சட்டையின் காலரில் ஊசி தவறியதால் எம்.சி. ரோட்டில் ஒரு சிறுவனுக்குத் தீபாவளிச் சட்டை கிடைக்கிறது. பத்து ரூபாய் வண்டியில் ஒளிந்திருக்கும் குறையைத் தேட வேண்டும். செகண்ட்ஸ் சட்டையிலோ குறை இருப்பது இருதரப்புக்கும் தெரிந்த செய்தி, அது உடுப்பவர் பொருட்படுத்தும் இடத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. அக்குள் தையலை விரித்து வெளிச்சத்தில் காட்டும் தாய்மார்களும், "இது வெளிய தெரியாதும்மா" என்று சொல்லும் கடைப்பையன்களும் இத்தெருவின் நிலையான காட்சி. ஒற்றை விலைக் குவியல்கள் கடைவாசல்களில் இருந்தாலும், உள்ளே பேரம் இன்னும் நாவில்தான் நடக்கிறது.

தியாகராயா கல்லூரி நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்ணாரப்பேட்டைக்கு அடுத்து மண்ணடி. 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் விம்கோ நகர்வரை நீண்டதன்பின், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைச் சிறு வணிகர்கள் பைகளோடு கொள்முதலுக்கு வருவது எளிதாயிற்று. ஜார்ஜ் டவுனின் தெருக்கள் ஒவ்வொன்றும் ஒரு சரக்குக்குப் பெயர்போனவை: கோடவுன் தெரு துணிக்கு, ஆண்டர்சன் தெரு காகிதத்துக்கு, நாராயண முதலி தெரு பொம்மைக்கும் அலங்காரப் பொருளுக்கும், காசிச் செட்டித் தெரு இறக்குமதியான ஃபேன்சி சரக்குக்கு. எம்.கே.பி. நகரில் ஒன்றாக விற்கும் கிளிப் இங்கே டஜனாகவும், பன்னிரண்டு டஜன் சேர்ந்த குரோஸாகவும் விற்கிறது. சில்லறையாக ஒன்று கேட்பவருக்குப் பல கடைகளில் பதிலே கிடைக்காது. வண்டிக்காரர் இங்கு வாங்குபவராகி நிற்கும்போது அவர் கையும் அதே வேலையைச் செய்கிறது: பெட்டியின் மேலடுக்கை விட்டு, நடுவடுக்கிலிருந்து ஒன்றை உருவி, கிளிப்பைத் திறந்து மூடிப் பார்க்கிறார்.

பண்டத்தின் பிறப்பு ஏறத்தாழ மறைந்துபோவதும் இங்கேதான். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன் கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளும், உறையிட்டு விற்கும் பண்டத்தின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றை அச்சிடக் கட்டளையிடுகின்றன. பெட்டி பிரிக்கப்பட்டு வண்டியில் குவிந்தபின் அந்த விவரங்கள் பெட்டியோடு போய்விடுகின்றன. கம்மல் பட்டுக் காது புண்ணானாலும், சார்ஜர் வயர் உருகினாலும், யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு வண்டிக்காரரைத் தவிர வேறு முகவரி இல்லை. அவரோ அடுத்த வாரம் வேறு தெருவில் நிற்பார். நூறு ரூபாய் கொடுப்பவருக்குக் கிடைக்கும் பெயரும் முகவரியும் பத்து ரூபாய் கொடுப்பவருக்குக் கிடைக்காதிருப்பது, மலிவின் பெயரால் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையன்று. பொம்மைகளில் மட்டும் ஒரு மாற்றம் நேர்ந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று, 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் பொம்மைகளின் இறக்குமதித் தீர்வை உயர, சீனப் பொம்மைகளின் வரத்து வெகுவாகக் குறைந்தது.

மண்ணடியிலிருந்து கடற்கரை நோக்கி நடந்தால் ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரே, பர்மா பஜார். மலிவு தேடும் எம்.கே.பி. நகரவாசிகளுக்கு இது அயலூரன்று. பர்மாவில் 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின்னின் இராணுவ அரசு 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கு வணிகம் செய்த தமிழர்கள் கடையையும் சேமிப்பையும் விட்டுவிட்டுக் கப்பலேறினர். சென்னையில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் வாழ்வாதாரத்துக்காக 1969இல் உருவானதே இக்கடை வரிசை. கடையை இழந்து வந்தவர்களுக்குக் கடையையே மீண்டும் கொடுத்த மறுவாழ்வுத் திட்டம் அது. நூடுல்ஸும் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையால் பிசைந்து தரும் அத்தோ என்னும் பர்மிய உணவை, இன்று வியாசர்பாடியிலும் பஜாரையொட்டிய தெருக்களிலும் பர்மாவைக் கண்டிராதவர்களும் மாலைப் பசிக்கு உண்கின்றனர்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த அந்த ஆண்டுகளில், வெளிநாட்டு டேப் ரிக்கார்டரும் சென்ட்டும் கடிகாரமும் நைலான் சேலையும் சென்னையில் கிடைத்த இடம் பர்மா பஜார். சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் பறந்து சென்று, பெட்டி நிறையச் சரக்கோடு திரும்பி, அதற்குக் கூலி பெறுவோரைக் குருவி என்று அழைத்தனர். ஓயாமல் பறந்து சிறிது சிறிதாகக் கொண்டுவருவதால் பொருந்திய பெயர். 1991இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின், குருவி சுமந்த பண்டம் கொள்கலனில் வரத் தொடங்கவே, இங்கு மட்டும் கிடைக்கும் என்ற பெருமை போய், இங்கு மலிவாகக் கிடைக்கும் என்ற பெயர் நின்றது. செல்போன் உறை, இயர்போன், டார்ச், சார்ஜர் என்று இப்போது கடைகளை நிரப்பும் சரக்கு, எம்.கே.பி. நகரின் தட்டுகளில் இருப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. வேறுபாடு பேச்சில் உண்டு: இங்கே சொல்லும் முதல் விலையை யாரும் விலையாகக் கொள்வதில்லை.

பஜாருக்கு எதிரே துறைமுகச் சுவர். 1881இல் செயற்பாட்டுக்கு வந்த சென்னைத் துறைமுகத்தில் 1983இல் திறக்கப்பட்ட கொள்கலன் முனையம், இந்தியாவில் கொள்கலனுக்கென்றே அமைந்தவற்றுள் முதலாவது. கொள்கலன் என்பது ஒரே அளவில் செய்யப்பட்ட இரும்புப் பெட்டி. 1956இல் அமெரிக்காவின் மால்கம் மெக்லீன் லாரிப் பெட்டிகளை அப்படியே கப்பலில் அடுக்கி அனுப்பியதிலிருந்து, மூட்டை மூட்டையாகத் தோளில் இறக்கிய வேலை பாரந்தூக்கிக்குப் போயிற்று. சீனாவின் யீவூ நகரத்துச் சந்தையில் எடுத்த சிறு பண்டங்கள் ஒரு பெட்டியில் இலட்சக்கணக்கில் அடங்குவதால், ஒரு கிளிப்பின்மேல் விழும் கடல்வழிக் கூலி பைசாக் கணக்கில் நின்றுவிடுகிறது. பத்து ரூபாய் என்னும் விலை சாத்தியமாவது இந்தப் பைசாவினால்தான். அதன் மறுபக்கத்தை ராயபுரமும் திருவொற்றியூரும் சுமக்கின்றன. மணலிக்கும் மாதவரத்துக்கும் போய்வரும் டிரெய்லர்களின் வரிசை, அவற்றின் புகை, பெட்டி இறக்கும் கூலி போனபின் வேறு வேலை தேடிய துறைமுகக் குடும்பங்கள் ஆகியவை வண்டியில் அறிவிக்கும் விலையில் சேர்வதில்லை.

துறைமுகத்திலிருந்து வந்த வழியே திரும்பும் பயணிக்கு, எம்.கே.பி. நகரைத் தாண்டி இன்னும் ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது. வடசென்னை மண்டலங்களின் குப்பை பல பத்தாண்டுகளாகச் சென்று குவிந்த கொடுங்கையூர்க் கிடங்கு இந்நகருக்கு அண்மையிலேயே உள்ளது. காற்று அத்திசையிலிருந்து அடிக்கும் நாட்களில் அதன் வாடை வீடுகளுக்குள் வரும். அறுந்த வடிகட்டியும் பல்போன சீப்பும் கடைசியில் போகும் இடம் அதுவே எனினும், எல்லாம் அங்கே போவதில்லை. உடைந்த பக்கெட், மூடி தொலைந்த டப்பா, கைப்பிடி முறிந்த மக் ஆகியவற்றை வீட்டுப் பெண்கள் கோணியில் சேர்த்துவைத்து, காயலான் கடை என்று சென்னையில் வழங்கும் பழம்பொருள் கடையில் கொண்டுபோய்ப் போடுகின்றனர். கடைக்காரர் கோணியைக் கவிழ்த்து, கறுப்பை ஒருபுறமும் வெள்ளையை ஒருபுறமும் தள்ளி, உடைத்துப் பார்த்து, கெட்டியானதையும் நொறுங்குவதையும் பிரிக்கிறார். பிரித்தவை அரைவை ஆலைக்குப் போய், உருகி, மணியாகி, மறுபடி கறுப்பு மக்காக வண்டிக்கு வரும். இங்கே ஒற்றை விலை இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று தரத்துக்கொரு விலை. தராசு நின்றுவிட்டது, கடைக்காரர் தொகையைச் சொல்லிவிட்டார். கோணியை உதறி மடித்துக்கொண்டே, இன்னும் இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுக்கும்படி அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.